முன்பணமும் வராமையும்: முத்துக் கடற்கரையை முன்வைத்து ஒருதலைத் தீர்ப்பாணை இரத்தின் சட்ட வரலாறு

ஆய்வுச் சுருக்கம்

ஒப்பந்தத்தின் பொருட்டுச் செலுத்தப்பட்ட வைப்புத்தொகை பற்றிய வழக்கில் ஒரு தரப்பு நீதிமன்றத்திற்கு வராதபோது ஒருதலைத் தீர்ப்பாணை வழங்கப்படுகிறது. அத்தீர்ப்பாணையை இரத்து செய்யும் முறை 1859 முதல் இன்றுவரை அடைந்த மாற்றங்களைத் தூத்துக்குடி முத்துக் கடற்கரையின் வாழ்நிலையோடு பொருத்தி இக்கட்டுரை ஆராய்கிறது. சென்னை மாகாண நீதிமரபு வராதவரின் கால இழப்பை மன்னிப்பதில் நெகிழ்வாகவும், முன்பணம் செலுத்தியவரின் பண இழப்பில் இறுக்கமாகவும் இருந்தது. இவ்விரு போக்குகளும் 1963இல் ஒரே அடிப்படைக்கு வந்து சேர்ந்தன என்பது இக்கட்டுரையின் முடிபாகும்.

திறவுச்சொற்கள்: முத்துச் சலாபம், அச்சாரம், பிணைவைப்பு, ஒருதலைத் தீர்ப்பாணை, அழைப்பாணை, காலவரையறை

முன்னுரை

தமிழகக் கடற்கரை வணிகம் பற்றிய ஆய்வுகள் பெரும்பாலும் துறைமுகம், சரக்கு, வரி, சமூகக் குழு ஆகியவற்றை மையமாகக் கொண்டவை. அவ்வணிகத்தில் எழுந்த பணத் தகராறுகள் எவ்வாறு தீர்க்கப்பட்டன, குறிப்பாக ஒரு தரப்பு கடலிலோ அயல்நாட்டிலோ இருந்தபோது நீதி எவ்வாறு வழங்கப்பட்டது என்னும் வினா போதிய கவனம் பெறவில்லை. தூத்துக்குடி, காயல்பட்டினம், கீழக்கரை, மன்னார் வளைகுடாவின் மறுகரை ஆகியவற்றை இணைத்த வணிகத்திற்கு இரண்டு இயல்புகள் உண்டு. முதலாவது, பணம் முன்னதாகவும் பொருள் பின்னதாகவும் கைமாறுதல். இரண்டாவது, ஒப்பந்தக்காரர் ஆண்டின் பல மாதங்கள் ஊரில் இல்லாமை. முதல் இயல்பு வைப்புத்தொகைத் தகராறுக்கும், இரண்டாம் இயல்பு ஒருதலைத் தீர்ப்பாணைக்கும் இடமளித்தன.

இவ்விரண்டும் சட்டநூல்களில் தனித்தனி இடங்களில் பேசப்படுகின்றன. வைப்புத்தொகை ஒப்பந்தச் சட்டத்திலும், ஒருதலைத் தீர்ப்பாணை உரிமையியல் விசாரணை முறைச் சட்டத்திலும் இடம்பெறுகின்றன. ஆயினும் இரண்டின் அடியிலும் இருப்பது ஒரே வினாவே. ஒருவர் வரவில்லை என்பது அவர் கடன்பட்டவர் என்பதற்குச் சான்றாகுமா? ஒருவர் முன்பணம் கொடுத்திருந்தார் என்பது மற்றவர் இழப்படைந்தார் என்பதற்குச் சான்றாகுமா? இவ்வினாக்களுக்குச் சட்டம் காலந்தோறும் அளித்த விடைகள் ஒரே திசையில் செல்லவில்லை.

முத்துக் கடற்கரையில் முன்பணம்

பாண்டியர் துறைமுகமாகிய கொற்கை சங்க இலக்கியக் காலம் முதல் முத்துக்குப் பெயர்பெற்றது. பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டிய நாட்டைக் கண்ட மார்க்கோ போலோ முத்துக்குளிப்பின் பண ஏற்பாட்டைக் குறிப்பிடுகிறார். வணிகர்கள் கூட்டாகச் சேர்ந்து முதலிட்டனர். குளிப்போரைச் சலாபப் பருவம் முழுமைக்கும் கூலிக்கு அமர்த்தினர். எடுத்ததில் பத்தில் ஒரு பங்கை அரசனுக்கும், சுறா முதலியவற்றிலிருந்து காக்க மந்திரம் ஓதியவர்களுக்கு இருபதில் ஒரு பங்கையும் அளித்தனர். சிப்பி கரைக்கு வருமுன்பே பணமும் கடமையும் பிணைக்கப்பட்டுவிட்டன என்பதை இக்குறிப்பு காட்டுகிறது.

அதே பயணி பாண்டிய நாட்டின் கடன் வசூல் முறையொன்றையும் பதிவுசெய்துள்ளார். பலமுறை கேட்டும் கடனைத் தராதவரைக் கடன்கொடுத்தவர் நேரில் கண்டு அவரைச் சுற்றித் தரையில் வட்டம் வரைவார். கடனைத் தீர்க்காமலோ தக்க பிணை தராமலோ அவ்வட்டத்தைக் கடந்தவர் கடுந்தண்டனைக்கு உள்ளாவார். அயல்நாட்டு வணிகர் ஒருவருக்குப் பணம் தரவேண்டியிருந்த அரசனே குதிரைமீது வருகையில் வட்டத்துக்குள் நிறுத்தப்பட்டதாகவும், வணிகர் மனநிறைவு அடையும்வரை அவன் அசையாமல் நின்றதாகவும் அவர் எழுதுகிறார். இம்முறை கடனாளியின் உடல் முன்னிலையைச் சார்ந்தது. ஆள் இல்லாத இடத்தில் வட்டம் வரைய இயலாது. பிற்காலத்து நீதிமன்றத் தீர்ப்பாணைக்கு இத்தகைய கட்டுப்பாடு இல்லை. ஆள் இல்லாதபோதும் அது அவர் உடைமையைத் தொட வல்லது. இவ்வேறுபாடே ஒருதலைத் தீர்ப்பாணை பற்றிய விதிகள் அனைத்துக்கும் காரணம் எனலாம்.

போர்ச்சுக்கீசியர், 1658 முதல் டச்சுக்காரர், பின்னர் ஆங்கிலேயர் எனத் தூத்துக்குடியின் ஆட்சி மாறியபோதும் முத்துச் சலாபத்தின் நிச்சயமின்மை மாறவில்லை. சிப்பிகள் திறக்கப்படாமலேயே ஆயிரக் கணக்கில் ஏலம் விடப்பட்டன. உள்ளே முத்து உண்டா என்பதை அறியாமலேயே வாங்குவோர் விலை கூறினர். குத்தகை முறையில் இந்நிச்சயமின்மை இன்னும் பெரிதாயிற்று. 1906இல் இலங்கைக் கரையின் முத்துப் பார்கள் இலண்டன் கம்பெனி ஒன்றுக்கு ஆண்டுக்கு 3,10,000 ரூபாய் வீதம் 20 ஆண்டுகளுக்குக் குத்தகைக்கு விடப்பட்டன. 1907க்குப் பின் பார்கள் பொய்த்தன. கம்பெனியும் சில ஆண்டுகளில் கலைக்கப்பட்டது. கடல் தராததற்கும் கரையில் பணம் கட்டவேண்டிய நிலை பெருங்கம்பெனிக்கே அழிவாயிற்று. சிறு குத்தகைக்காரருக்கோ தோணிக்காரருக்கோ செலுத்திய முன்பணமே முழு முதலாக இருக்கக்கூடும். அதை இழப்பது தொழிலையே இழப்பதாகும்.

அழைப்பாணையும் ஆளில்லா வீடும்

ஒருதலைத் தீர்ப்பாணையின் நேர்மை, பிரதிவாதிக்கு வழக்கு தெரிந்திருந்ததா என்பதைப் பொறுத்தது. அதற்கான கருவி அழைப்பாணை. 1908ஆம் ஆண்டு உரிமையியல் விசாரணை முறைச் சட்டத்தின் கட்டளை 5 அதைச் சேர்ப்பிக்கும் வழிகளைப் படிப்படியாக வகுக்கிறது. பிரதிவாதியிடம் நேரில் தரவேண்டும். அவரைக் காண இயலாமலும், அவருக்காகப் பெற அதிகாரம் பெற்ற முகவர் இல்லாமலும் போனால், விதி 15இன்படி அவரோடு வசிக்கும் குடும்பத்தின் வயதுவந்த ஆண் உறுப்பினரிடம் தரலாம். அதுவும் இயலாவிட்டால் விதி 17இன்படி வீட்டின் வெளிக்கதவில் ஒட்டலாம்.

‘ஆண் உறுப்பினர்’ என்னும் சொல் உள்நாட்டு வேளாண் ஊரில் பெரிய தடையாகத் தோன்றாமல் இருக்கலாம். கடற்கரையில் அதன் விளைவு வேறு. கொழும்புக்கும் மாலத்தீவுக்கும் தோணி செல்லும் பருவத்திலும், சலாபப் பருவத்திலும், சங்குகுளிப்புப் பருவத்திலும் ஒரே வீட்டின் தந்தை, மகன், உடன்பிறந்தார் அனைவரும் ஒருசேரக் கடலில் இருப்பது வழக்கம். வீட்டில் இருந்து வரவு செலவு பார்த்தவர்கள் பெண்கள். சட்டத்தின் கண்ணில் அவர்கள் அழைப்பாணையைப் பெறத் தகுதியற்றவர்கள். அமீனா வந்து பெயர் சொல்லி அழைத்தால் விடை சொல்ல ஆள் இருந்தும், தாளைப் பெற ஆள் இல்லாத வீடாகவே அது கருதப்பட்டது. கதவில் ஒட்டப்பட்ட தாள் கிழியலாம், பறக்கலாம். எழுத்தறியாத வீட்டில் பொருளற்றும் போகலாம்.

ஒட்டியதாக அமீனா தரும் அறிக்கை உறுதிமொழி ஆவணத்தோடு வராவிட்டால், விதி 19இன்படி நீதிமன்றம் அவரைச் சத்தியத்தின்பேரில் விசாரிக்க வேண்டும். அதன்பின் அழைப்பாணை முறையாகச் சேர்ந்ததென அறிவிக்கலாம். இவ்வறிவிப்பு வந்தபின் ‘தெரியாது’ என்று மெய்ப்பிக்கும் சுமை வராதவர் தோளில் ஏறுகிறது. 1976ஆம் ஆண்டுத் திருத்தம் விதி 15இல் ‘ஆணாயினும் பெண்ணாயினும்’ வயதுவந்த எந்த உறுப்பினரும் அழைப்பாணையைப் பெறலாம் என்று மாற்றியது. பெண்ணுரிமை நோக்கில் மட்டுமன்றிக் கடற்கரை மக்களின் வழக்குரிமை நோக்கிலும் இத்திருத்தம் மதிப்பிடத்தக்கது. வழக்கு பற்றிய செய்தி வீட்டுக்குள் நுழையும் வாயில் அதனால் அகன்றது. அதேவேளை, வீட்டுப் பெண்ணிடம் தாள் தரப்பட்டதே போதுமான அறிவிப்பாகிவிடுவதால், கடலில் இருப்பவர் ‘எனக்குத் தெரியாது’ என்று கூறும் வாய்ப்பும் குறைந்தது.

முப்பது நாள்: தொடக்கப் புள்ளியின் இடப்பெயர்ச்சி

ஒருதலைத் தீர்ப்பாணையை இரத்து செய்ய மனுச் செய்வதற்கான காலம் 1859 முதல் இன்றுவரை முப்பது நாள்தான். எண் மாறவில்லை. அம்முப்பது நாள் எந்த நாளிலிருந்து தொடங்குகிறது என்பது மாறியது. இம்மாற்றமே வரலாற்று நோக்கில் முதன்மையானது.

1859ஆம் ஆண்டின் 8ஆவது சட்டம், பிரிவு 119, தீர்ப்பை நிறைவேற்றுவதற்கான நடவடிக்கை எடுக்கப்பட்டதற்குப் பின் முப்பது நாளுக்கு மிகாத நியாயமான காலத்திற்குள் மனுச் செய்ய இடமளித்தது. 1877ஆம் ஆண்டுக் காலவரையறைச் சட்டத்தின் உறுப்பு 164உம் நிறைவேற்று நடவடிக்கையின் நாளையே தொடக்கமாகக் கொண்டது. 1882ஆம் ஆண்டு விசாரணை முறைச் சட்டத்தின் பிரிவு 108 இரத்துக்கான காரணங்களைக் கூறியது. அக்காலத்தில் ஜப்திக்கு அமீனா வீட்டுக்கு வந்த நாளே கணக்கின் முதல் நாள். அது கண்ணுக்குத் தெரியும் நிகழ்வு. அண்டை வீட்டாரும் அறிவர். கடலுக்குச் சென்றவருக்கு உறவினர் வழியாகச் செய்தி அனுப்பவும் இயலும்.

1908ஆம் ஆண்டுக் காலவரையறைச் சட்டம் தொடக்கப் புள்ளியை மாற்றியது. தீர்ப்பாணையின் நாளிலிருந்தும், அழைப்பாணை முறையாகச் சேராதிருந்தால் தீர்ப்பாணை பற்றி மனுதாரர் அறிந்த நாளிலிருந்தும் காலம் எண்ணப்பட்டது. 1963ஆம் ஆண்டுச் சட்டத்தின் உறுப்பு 123 இதையே தொடர்கிறது. அழைப்பாணையே கிடைக்காதவருக்கு இம்மாற்றத்தால் பெருங்கேடு இல்லை. அவருக்கு அறிந்த நாளே கணக்கு. கேடு நேர்வது இடைப்பட்ட ஒருவருக்கு. கதவில் ஒட்டியதால் முறையாகச் சேர்ந்ததாக அறிவிக்கப்பட்டும், உண்மையில் எதையும் அறியாமல் கடலில் இருந்தவர் அவர். அவரைப் பொறுத்தவரை காலம் நீதிமன்றப் பதிவேட்டில் எழுதப்பட்ட நாளிலிருந்தே ஓடத் தொடங்கிவிடுகிறது. அவர் கரைக்குத் திரும்புமுன் முப்பது நாளும் கழிந்திருக்கலாம்.

இவ்விடர்ப்பாட்டைத் தணிக்கும் வழியைச் சென்னை உயர் நீதிமன்றம் தன் விதியாக்க அதிகாரத்தின் மூலம் கண்டது. 1908ஆம் ஆண்டுக் காலவரையறைச் சட்டத்தின் பிரிவு 5, தாமதத்தை மன்னிக்கும் அதிகாரத்தை மேல்முறையீடு, தீர்ப்பு மறுஆய்வு முதலிய சிலவற்றுக்கே அளித்தது. ஆயினும் வேறு சட்டமோ விதியோ விரிவுபடுத்தினால் பிற மனுக்களுக்கும் அது பொருந்தும் என இடம் வைத்திருந்தது. அவ்விடத்தைப் பயன்படுத்திக் கட்டளை 9, விதி 13இன் கீழான மனுக்களுக்கும் பிரிவு 5 பொருந்தும் என்று சென்னை உயர் நீதிமன்றம் விதியில் சேர்த்தது. அதன் பயனாக முப்பது நாளுக்குப் பின் வந்தவரும் தக்க காரணம் காட்டினால் கதவு திறக்க வாய்ப்பு ஏற்பட்டது. 1963ஆம் ஆண்டுச் சட்டம் நிறைவேற்று நடவடிக்கைகள் பற்றிய கட்டளை 21 நீங்கலாக எல்லா மனுக்களுக்கும் பிரிவு 5ஐ விரிவாக்கியது. சென்னையில் விதியாக இருந்தது நாடு முழுமைக்கும் சட்டமாயிற்று.

அச்சாரமும் பிணைவைப்பும்

காலத்தில் நெகிழ்வு காட்டிய சென்னை மரபு, முன்பணத்தில் நேர்மாறான நிலையை எடுத்தது. இதனை விளங்கிக்கொள்ள இரண்டு சொற்களைப் பிரித்தறிய வேண்டும். ‘அச்சாரம்’ என்பது ஒப்பந்தம் உறுதியானதற்கு அடையாளமாகத் தரப்படும் தொகை. ஒப்பந்தம் நிறைவேறினால் அது விலையில் கழியும். கொடுத்தவர் பின்வாங்கினால் இழக்கப்படும். ‘பிணைவைப்பு’ என்பது ஒப்பந்தத்தை முறையாக நிறைவேற்றுவதற்கு ஈடாக வைக்கப்படும் தொகை. அது விலையின் பகுதியன்று. வழக்குமொழியில் இரண்டும் ‘அட்வான்ஸ்’ என்றே வழங்கினாலும் சட்டத்தில் இரண்டின் கதியும் வேறு.

1872ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் பிரிவு 74, ஒப்பந்தத்தை மீறினால் தரவேண்டிய தொகை ஒப்பந்தத்திலேயே குறிக்கப்பட்டிருந்தால், அத்தொகைக்கு மிகாத நியாயமான இழப்பீட்டையே பெறலாம் என்கிறது. குறித்த தொகை மேல்வரம்பே தவிர உரிமையன்று. 1899ஆம் ஆண்டுத் திருத்தம் தண்டத் தன்மை கொண்ட ‘வேறெந்த நிபந்தனையும்’ இதில் அடங்கும் என்று சேர்த்தது. ஏற்கெனவே கட்டிவிட்ட வைப்புத்தொகை பறிமுதலாகும் என்னும் நிபந்தனை இதில் அடங்குமா என்ற ஐயம் இருந்தது. சென்னைத் தீர்ப்புத் தொகுதி 38இல் வெளியான நடேச அய்யர் எதிர் அப்பாவு படையாச்சி வழக்கில், பிரிவு 74 இனிமேல் தரவேண்டிய தொகைக்கே பொருந்தும், முன்பே செலுத்தப்பட்ட தொகையின் பறிமுதலுக்குப் பொருந்தாது என்னும் கருத்து சென்னை உயர் நீதிமன்றத்தால் கூறப்பட்டது.

இக்கருத்தின் நடைமுறை விளைவு கடுமையானது. பணத்தைத் தன்னிடமே வைத்துக்கொண்டு உறுதிமொழி மட்டும் கொடுத்தவருக்குப் பிரிவு 74இன் பாதுகாப்பு உண்டு. நம்பிப் பணத்தை முன்னதாகவே கட்டியவருக்கு அது இல்லை. முன்பணமே வணிக முறையாக இருந்த கடற்கரையில் இது பெரும்பாலோரைப் பாதுகாப்புக்கு வெளியே நிறுத்தியது.

உச்ச நீதிமன்றத்தின் அரசியலமைப்பு ஆயம் 1963 ஜனவரி 15 அன்று ஃபதே சந்த் எதிர் பால்கிஷன் தாஸ் வழக்கில் இக்கருத்தை ஏற்க மறுத்தது. டில்லியில் ஒரு பங்களாவை 1,12,500 ரூபாய்க்கு விற்கும் ஒப்பந்தத்தில் 1,000 ரூபாய் அச்சாரமாகவும் 24,000 ரூபாய் பின்னரும் தரப்பட்டிருந்தன. 1899இல் சேர்க்கப்பட்ட சொற்கள் முன்பே கட்டிய தொகையின் பறிமுதலையும் தழுவும் என்று நீதிமன்றம் கொண்டது. விற்பவர் 1,000 ரூபாயை மட்டும் வைத்துக்கொள்ள அனுமதிக்கப்பட்டார். இழப்பு மெய்ப்பிக்கப்படாததால் 24,000 ரூபாயின் பறிமுதல் ஏற்கப்படவில்லை.

1969இல் முடிவான மௌலா பக்ஷ் எதிர் இந்திய ஒன்றியம் வழக்கு பிணைவைப்பை நேரடியாகத் தொட்டது. உ.பி. பகுதி இராணுவத் தலைமையகத்துக்கு ஓராண்டு உருளைக்கிழங்கு வழங்க 10,000 ரூபாயும், கோழி, முட்டை, மீன் வழங்க 8,500 ரூபாயும் ஒப்பந்தக்காரர் பிணையாகக் கட்டியிருந்தார். வழங்கல் தவறியதால் ஒப்பந்தங்கள் முறிக்கப்பட்டு 18,500 ரூபாயும் பறிமுதலாயின. இத்தொகை அச்சாரமன்று, பிணைவைப்பே என்று உச்ச நீதிமன்றம் கண்டது. அரசு வெளிச்சந்தையில் என்ன விலைக்கு வாங்கியது என்பதை மெய்ப்பித்து இழப்பைக் காட்டியிருக்க முடியும், காட்டவில்லை, எனவே தொகையைத் திருப்பித் தரவேண்டும் என்று தீர்ப்பளித்தது. ஓ.என்.ஜி.சி. எதிர் சா பைப்ஸ் வழக்கில் 2003இல், இழப்பைக் கணக்கிடுவது கடினமான இடங்களில் முன்கூட்டி மதிப்பிட்ட தொகையை ஏற்கலாம் என்று வலியுறுத்தப்பட்டது. 2015இல் கைலாஷ் நாத் வழக்கு இவற்றைத் தொகுத்துப் பார்த்தது. ஏலத்தில் வாங்கியவர் கட்டிய 78 இலட்சம் ரூபாயை டில்லி வளர்ச்சி ஆணையம் பறிமுதல் செய்தது. பின்னர் அதே மனையைப் பலமடங்கு கூடுதலாக 11.78 கோடி ரூபாய்க்கு மறுஏலத்தில் விற்றது. இழப்பே இல்லாத இடத்தில் இழப்பீடு இல்லை என்பது தெளிவாயிற்று.

கேட்கப்படுவதற்கும் ஒரு வைப்பு

வைப்புத்தொகையும் ஒருதலைத் தீர்ப்பாணையும் நேரடியாகச் சந்திக்கும் இடம் ஒன்று உண்டு. அது 1887ஆம் ஆண்டு மாகாணச் சிறுவழக்கு நீதிமன்றங்கள் சட்டத்தின் பிரிவு 17. இச்சட்டம் பொதுவாக 500 ரூபாய் வரையிலான வழக்குகளுக்கு உரியது. சென்னை மாகாணத்தில் 1873ஆம் ஆண்டு உரிமையியல் நீதிமன்றங்கள் சட்டத்தின் வழியாக முன்சீபுகளும் சார்பு நீதிபதிகளும் சிறுவழக்கு அதிகாரம் பெற இடமிருந்தது. ஒருதலைத் தீர்ப்பாணையை இரத்து செய்யக் கோருபவர் மனுவோடு சேர்த்துத் தீர்ப்பாணைத் தொகையைக் கட்ட வேண்டும் அல்லது பிணை தரவேண்டும் என்று பிரிவு 17 கூறியது. 1935ஆம் ஆண்டுத் திருத்தம் பிணை தரும் வழியை நீதிமன்றத்தின் முன்அனுமதிக்கு உட்படுத்தியது. இந்நிபந்தனை கட்டாயமானது என்று 2002இல் கேதார்நாத் வழக்கில் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது.

பெருந்தொகை வழக்குகளுக்குரிய கட்டளை 9, விதி 13 இவ்வாறு கூறவில்லை. செலவுத்தொகை, நீதிமன்றத்தில் பணம் கட்டுதல் முதலிய நிபந்தனைகளை நீதிபதி தக்கவாறு விதிக்கலாம் என்று மட்டுமே அது கூறுகிறது. இதனால் விளையும் முரண் கவனிக்கத்தக்கது. பல்லாயிரம் ரூபாய் வழக்கில் வராதிருந்த வணிகர் நீதிபதியின் விருப்புரிமையை நம்பலாம். சில நூறு ரூபாய் வழக்கில் வராதிருந்த தொழிலாளி முழுத்தொகையையோ பிணையையோ முன்வைத்தாலன்றித் தன் சொல்லைக் கேட்கச் செய்ய இயலாது. வழக்கே முன்பணம் பற்றியது எனில் அவர் இருமுறை பணம் வைத்தவராகிறார்: ஒருமுறை ஒப்பந்தத்திற்கு, மறுமுறை செவிக்கு. சிறுவழக்குகள் விரைந்து முடியவேண்டும், போலி மனுக்கள் தடுக்கப்படவேண்டும் என்பது இவ்விதிக்குக் கூறத்தக்க நியாயம். அந்நியாயம் பெருவழக்குக்கும் பொருந்துமாதலால், சுமை சிறியவர்மேல் மட்டும் கட்டாயமாக விழுவதை அது விளக்கவில்லை.

வராதவரும் நீதிமன்றத்தின் கடமையும்

விதி 13 இரண்டு காரணங்களையே ஏற்கிறது: அழைப்பாணை முறையாகச் சேராமை, சேர்ந்தும் தக்க காரணத்தால் வர இயலாமை. தீர்ப்பாணை தவறானது என்பதை இங்கே மெய்ப்பிக்க வேண்டியதில்லை. இரத்து செய்வதால் வைப்புத்தொகை திரும்பக் கிடைப்பதுமில்லை. வழக்கு மீண்டும் விசாரணைக்கு வருகிறது, அவ்வளவே. இத்தன்மையை மற்றொரு வகை இரத்தோடு ஒப்பிடலாம். தூத்துக்குடித் துறைமுகத்தின் ஏழாவது தளத்தைச் சரக்குப்பெட்டக முனையமாக மேம்படுத்தி இயக்க 1998இல் பி.எஸ்.ஏ. சிக்கால் நிறுவனத்துக்கும் துறைமுகப் பொறுப்புக் கழகத்துக்கும் உரிம ஒப்பந்தம் ஏற்பட்டது. உரிமத்தொகை முறையை வருவாய்ப் பங்கீட்டு முறையாக மாற்றிய நடுவர் தீர்ப்பு, ஒரு தரப்பின் இசைவின்றி ஒப்பந்தத்தையே திருத்தி எழுதுவதாகும் என்று 2021இல் உச்ச நீதிமன்றம் கூறி, அதை நீக்கிய உயர் நீதிமன்ற ஆணையை உறுதிசெய்தது. அங்கே இரு தரப்பும் வாதிட்டன. தீர்ப்பின் உள்ளடக்கத்தில் இருந்த குறையே இரத்துக்குக் காரணம். ஒருதலைத் தீர்ப்பாணையில் ஆராயப்படுவது உள்ளடக்கமன்று. ஒரு குரல் ஒலிக்காமல் போனதற்கான காரணமே.

அக்காரணத்தை எவ்வளவு தாராளமாக அளப்பது? 1955இல் சங்ராம் சிங் வழக்கில் விசாரணை முறைச் சட்டம் நீதிக்கு வழிசெய்வதற்கே அன்றித் தண்டிப்பதற்கு அன்று என்னும் நோக்கு வலியுறுத்தப்பட்டது. தமிழ்நாட்டிலிருந்து சென்ற என். பாலகிருஷ்ணன் எதிர் எம். கிருஷ்ணமூர்த்தி வழக்கில், ஒருதலைத் தீர்ப்பாணையை இரத்து செய்யக் கோரிய மனுவே வராமையால் தள்ளுபடியானது. அதை மீட்க வந்தவர் 883 நாள் தாமதித்திருந்தார். விசாரணை நீதிமன்றம் மன்னித்தது. உயர் நீதிமன்றம் மறுத்தது. 1998இல் உச்ச நீதிமன்றம் விசாரணை நீதிமன்றத்தின் முடிவை மீட்டது. நாளின் எண்ணிக்கையைவிட விளக்கத்தின் ஏற்புடைமையே முதன்மை என்றும், எதிர்த்தரப்பின் இழப்புக்குச் செலவுத்தொகை ஈடாகலாம் என்றும் அது கொண்டது. இது கட்டற்ற தாராளமன்று. நாளை அறிந்திருந்த பிரதிவாதிக்கு அழைப்பாணைச் சேர்ப்பிப்பில் உள்ள சிறு ஒழுங்கீனம் மட்டும் துணையாகாது என்று 1976ஆம் ஆண்டுத் திருத்தம் வரையறுத்திருக்கிறது. முன்பணம் கட்டிவிட்டுத் திரும்பப் பெறக் காத்திருக்கும் வாதியின் இன்னலும் நீதியின் கணக்கில் சேர வேண்டியதே.

இதைவிட அடிப்படையான பாதுகாப்பு, தீர்ப்பாணை வழங்கும் நாளிலேயே நீதிமன்றம் செய்யவேண்டிய கடமையில் இருக்கிறது. பதிலுரை இல்லை என்பதற்காகவே கண்ணை மூடிக்கொண்டு தீர்ப்பளிக்கலாகாது என்று 1999இல் பல்ராஜ் தனேஜா வழக்கிலும், ஒருதலை விசாரணையிலும் வாதி தன் வழக்கை முதல்நோக்கிலேனும் மெய்ப்பிக்க வேண்டும் என்று 2003இல் ரமேஷ் சந்த் அர்தாவதியா வழக்கிலும் உச்ச நீதிமன்றம் கூறியது. இவற்றைப் பிரிவு 74ஓடு இணைத்துப் படித்தால் ஒரு முடிவு தெளிவாகிறது. குத்தகைதாரரோ ஒப்பந்தக்காரரோ வராத வழக்கில் வைப்புத்தொகையின் பறிமுதலை ஏற்குமுன், அத்தொகை அச்சாரமா பிணைவைப்பா, மெய்ப்பிக்கக்கூடிய இழப்பு மெய்ப்பிக்கப்பட்டதா என்னும் இரு வினாக்களையும் நீதிமன்றம் தானே எழுப்ப வேண்டும். வராமை இவ்வினாக்களுக்கு விடையாகாது.

கேளாது வழங்கிய தீர்ப்பின் கேட்டைத் தமிழ் மரபு நன்கு அறியும். சிலப்பதிகாரத்தில் கோவலன் தன் பக்கம் கூற வாய்ப்பின்றியே கொலையுண்டான். பிழையை அறிந்த நெடுஞ்செழியனால் அத்தீர்ப்பைத் திருப்ப இயலவில்லை. உயிர்துறத்தலே அவனுக்கு எஞ்சியது. முத்துத்துறையாகிய கொற்கையில் இருந்த வெற்றிவேற்செழியனே அவனுக்குப்பின் ஆட்சியை ஏற்றான். உயிர்த்தண்டனைக்கும் பண வழக்குக்கும் இடைவெளி பெரிது. எனினும் திருத்த இடமுள்ள தீர்ப்பே கேளாமையின் கேட்டைத் தாங்கவல்லது என்பது இரண்டுக்கும் பொது.

முடிவுரை

மேற்கண்ட ஆய்வால் பின்வருவன பெறப்படுகின்றன. ஒருதலைத் தீர்ப்பாணையை இரத்து செய்வதற்கான முப்பது நாள் என்னும் எண் நிலையானது. ஆனால் 1908இல் அதன் தொடக்கம் வீட்டுவாசலிலிருந்து நீதிமன்றப் பதிவேட்டுக்கு இடம்பெயர்ந்தது. ‘ஆண் உறுப்பினர்’ விதியோடும் கதவில் ஒட்டும் முறையோடும் இது சேர்ந்தபோது, கடல்தொழிலால் ஊரில் இல்லாதவர் பாதுகாப்பின் இடைவெளியில் விழும் நிலை உருவானது. சென்னை உயர் நீதிமன்றம் தாமத மன்னிப்பு விதியால் அவ்விடைவெளியைக் குறுக்கியது. அதே நீதிமன்றம் முன்பணப் பறிமுதலில் பிரிவு 74இன் பாதுகாப்பைச் சுருக்கியது. 1963இல் முதல் போக்கு காலவரையறைச் சட்டத்தால் நாடு தழுவியதாயிற்று. இரண்டாம் போக்கு ஃபதே சந்த் தீர்ப்பால் முடிவுக்கு வந்தது. தாமதமும் முன்பணமும் தாமாகவே குற்றத்தையோ இழப்பையோ மெய்ப்பிப்பதில்லை என்பதே இரண்டும் வந்துசேர்ந்த அடிப்படை.

தூத்துக்குடிக் கரையில் முத்துச் சலாபம் 1961இல் நடந்ததோடு நின்றுபோயிற்று. அதாவது, முன்பணம் கட்டியவருக்கான பாதுகாப்பு முழுமையடைந்தபோது, முன்பணத்தையே உயிராகக் கொண்டிருந்த அத்தொழில் ஓய்ந்திருந்தது. ஆயினும் கடலுக்குச் செல்வோர், துறைமுக ஒப்பந்தக்காரர், அயல்நாட்டுக் கப்பல்களில் பணிபுரிவோர் எனக் கரையில் இல்லாமலே கரையில் கடமைப்பட்டவர்கள் இன்றும் இப்பகுதியில் உள்ளனர். சிறுவழக்குச் சட்டத்தின் பிரிவு 17இல் உள்ள கட்டாய வைப்பு அவர்களில் எளியவர்களுக்கே தடையாக நிற்கிறது. கட்டளை 9, விதி 13இல் உள்ளதுபோல அதையும் நீதிபதியின் விருப்புரிமைக்கு உட்படுத்துவதே, 1963இல் இரு போக்குகளும் அடைந்த அடிப்படைக்கு இசைவாகும்.